பெரிய மரபணுத் தரவும் கட்டளை வரியும்

மரபணு வரிசைத் தரவோடு பணிபுரியும் உயிரியல் மாணவர்கள் கட்டளை வரியை, அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்கும் முறையை, தொடக்கத்திலேயே கற்றுக்கொள்ள வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். எக்செல் ஒரு தாளில் 10,48,576 வரிசைகளுக்கு மேல் ஏற்காது. அதோடு செப்ட்1, மார்ச்1 போன்ற மரபணுக் குறியீடுகளைத் தேதிகளாக மாற்றிவிடுவதால், 2020-இல் அக்குறியீடுகளையே செப்டின்1, மார்ச்எஃப்1 என்று திருத்தியமைக்க வேண்டியதாயிற்று.

மரபணு வரிசைகளைக் கொண்ட, சுருக்கப்பட்ட ஃபாஸ்ட்க்யூ கோப்பை விரித்துச் சேமிக்காமலேயே, சுருக்கத்தை விரித்துக் காட்டும் இசட்கேட் கட்டளையின் வெளியீட்டை, கட்டளைகளை இணைக்கும் பைப் குறி (|) வழியாக டபிள்யூசி கட்டளைக்கு அனுப்பி வரிகளை எண்ணி, ஒரு ரீடுக்கு (கருவி படித்த ஒரு வரிசைத் துண்டு) நான்கு வரிகள் என்பதால் அந்த எண்ணை நான்கால் வகுத்தால், அதில் எத்தனை ரீடுகள் உள்ளன என்பது தெரிந்துவிடும். ஒவ்வொரு ரீடின் தலைப்பு வரியும் '@' குறியில் தொடங்குவதால், அத்தகைய வரிகளைத் தேடல் கட்டளையான கிரெப் கொண்டு எண்ணுவது எளிதாகத் தோன்றினாலும் அதை நம்பக் கூடாது. ஒவ்வொரு எழுத்தும் எவ்வளவு நம்பகமானது என்று காட்டும் தர மதிப்பெண் வரியும் அதே குறியில் தொடங்கக்கூடும்.

திரும்ப வரும் வரிகளை நீக்கும் யூனிக் கட்டளை அடுத்தடுத்த வரிகளை மட்டுமே ஒப்பிடும் என்பதால், அதற்கு முன் வரிகளை வரிசைப்படுத்தும் சார்ட் கட்டாயம். சர்வரில் நெடுநேரம் ஓடும் வேலையை, அமர்வைச் சர்வரிலேயே தொடர வைக்கும் டிமக்ஸ் நிரலுக்குள் தொடங்கினால், இடையில் இணைப்பு அறுந்தாலும் அது நிற்காது. மூலக் கோப்புகளைப் பெற்றவுடனேயே கோப்பு உரிமைகளை மாற்றும் சிஎச்மாட் கட்டளை கொண்டு அவற்றின் எழுதும் உரிமையை நீக்கிவிடுங்கள். '>' குறி வெளியீட்டைக் கோப்பில் எழுதும்; அதற்குப் பின் தவறுதலாக ஏற்கெனவே உள்ள கோப்பின் பெயரை இட்டால், பொதுவாக எந்த எச்சரிக்கையும் இன்றி அதன் உள்ளடக்கம் முழுவதும் அழிந்துவிடும்.