குளியலறைக் கூரையில் ஒரு பழுப்புக் கோடு

திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் இருக்கும் எங்கள் வீடு 1994இல் கட்டப்பட்டது. ஆறு ஆண்டுகளுக்கு முன் மாடிக் குளியலறையின் கூரையில் ஒரு முழ நீளத்துக்குப் பழுப்புக் கோடு ஒன்று தென்பட்டபோது, பொங்கலுக்கு வண்ணம் அடிக்க வந்தவரிடம் அதையும் சேர்த்து அடித்துவிடச் சொன்னேன். அவரும் பட்டி பார்த்து அழகாக மறைத்துக் கொடுத்தார். மூன்று ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் தாம்பாள அளவுக்குக் காரை பெயர்ந்து வாளியின் மேல் விழுந்தது. அந்த நேரத்தில் உள்ளே யாரும் இல்லை.

அந்தக் கோடு நேராக இருந்ததை நான் அன்றே கவனித்திருக்க வேண்டும். மேலிருந்து கசியும் நீரின் கறை ஒழுங்கற்ற விளிம்போடு படரும். கம்பி துருப்பிடித்தாலோ, கறையும் விரிசலும் கம்பி ஓடும் போக்கிலேயே நேர்கோடாக வரும். கான்கிரீட்டின் காரத்தன்மைதான் உள்ளே இருக்கும் கம்பியைத் துருவேறாமல் காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் ஊடுருவி அந்தக் காரத்தைக் குறைத்துவிடும். கடற்கரைப் பகுதியில் உப்பும் சேர்ந்துகொண்டால் காரம் மிச்சமிருக்கும்போதே துரு தொடங்கிவிடும். துரு, தான் தின்ற இரும்பைவிடக் கூடுதலான இடத்தை அடைத்துக்கொள்வதால், கம்பிக்குக் கீழே ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் கனமே உள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. இதற்கு மேல் சிமெண்ட் பூசினால் சில மாதங்களில் அந்தப் பூச்சும் விழும். கம்பியைச் சுற்றிலும் கொத்தி, துருவைத் தேய்த்தெடுத்து, காப்புப் பூச்சு அடித்த பிறகே புதுச் சாந்து வைக்க வேண்டும். கோடாக இருந்தபோதே செய்திருந்தால் ஒரு கம்பியோடு முடிந்திருக்கும். எங்களுக்குப் பாதிக் கூரையைக் கொத்த வேண்டியதாயிற்று.

கொத்தனார் வந்ததும் முதலில் செய்தது, ஒரு கட்டையால் கூரை முழுவதும் தட்டிக் கேட்டதுதான். கெட்டியான இடம் 'டக்' என்று ஒலித்தது. உள்ளே விட்டுப்போன இடம் வெற்றுப் பெட்டியைத் தட்டியதுபோல ஒலித்தது. கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியாத மூன்று இடங்களை அவர் காதாலேயே கண்டுபிடித்தார். இப்போது ஒவ்வொரு ஆண்டும் ஒட்டடைக் கம்பைத் திருப்பிப் பிடித்து நானே இதைச் செய்கிறேன்.

கம்பியைத் துருவேற்றிய ஈரம் மொட்டைமாடியிலிருந்து வந்தது. தட்டோடுகளின் சந்தில் ஒரு அரசங்கன்று முளைத்திருந்தது. கிள்ளிக் கிள்ளி எறிந்தோமே தவிர, வேர் போகும் இடத்துக்கு நீரும் போகும் என்று நினைக்கவில்லை. ஓட்டுக்கு அடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்த தளம் நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு வேறெங்கோ இறக்குவதால், கீழே ஈரம் தெரியும் இடத்துக்கு நேர் மேலே தேடிப் பயனில்லை. மழை விட்ட மறுநாளும் எங்கே நீர் தேங்கி நிற்கிறது என்று பார்ப்பதே நல்ல வழி. புது வண்ணம் மணக்கும் பழைய வீட்டை விலைக்குப் பார்க்கப் போகிறவர்களும் கீழே கூடத்தைப் பார்ப்பதற்கு முன் மாடிக்கு ஏறிவிடுவது நல்லது.

தரைக்குள் இருக்கும் தண்ணீர்த் தொட்டி கசிகிறதா என்று அறிய ஓர் இரவு போதும். மோட்டாரையும் உள்ளே வரும் குழாயையும் நிறுத்திவிட்டு நீர்மட்டத்தைக் குறித்துவைத்தால், கசிவு காலையில் தெரிந்துவிடும்.

சுவர் விரிசல்களில் எல்லாமே அஞ்சத்தக்கவை அல்ல. தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் வரும் மயிரிழைக் கோடு பெரும்பாலும் பூச்சோடு நின்றுவிடும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறி, ஒரு முனையில் அகலமாகிக்கொண்டே போகும் விரிசலைத்தான் பொறியாளரிடம் காட்ட வேண்டும். அது வளர்கிறதா என்று அறிய, இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதிவைக்கலாம். எங்கள் கூடத்து ஜன்னலருகே அப்படி எழுதியதை அழிக்காமல் சுற்றி வண்ணம் அடிக்கச் சொன்னபோது, அடிக்க வந்தவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மூன்று மழைக்காலங்களாக விரிசல் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை.