அக்டோபர் 2-க்கு முன்: சாஸ்திரி பலகைகள், காரைக்குடி

செப்டம்பர் 26
வாசகசாலையில் வைக்கிற, முன்னாள் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி பற்றிய பலகைகள். பிறப்பு 1904 அக்டோபர் 2, முகல்சராய். தந்தை பள்ளி ஆசிரியராக இருந்து எழுத்தரானவர்; பிள்ளைக்கு இரண்டு வயது நிரம்புமுன் காலமானார். தாய் ராம்துலாரி பிறந்த வீட்டில் வைத்து வளர்த்தார். 1925-இல் காசி வித்யாபீடத்தில் பட்டம். விடுதலைப் போராட்டத்தில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டு சிறை. ஏழ்மைக்கு ஒரு பலகை போதும். பொறுப்பை அவர் எப்படிச் சுமந்தார் என்பதற்கே மற்ற இடமெல்லாம்.

செப்டம்பர் 27
வழக்கமாகத் தவறுவது இங்கே: 1956-இல் பெரிய ரயில் விபத்து இரண்டு. மகபூப்நகர் விபத்துக்குப் பின் ரயில்வே அமைச்சர் சாஸ்திரி கொடுத்த ராஜினாமாவை நேரு ஏற்கவில்லை. நவம்பர் 23-இல் அரியலூர் அருகே, மருதையாற்று வெள்ளம் பாலத்தைப் பலவீனமாக்கியதால் தூத்துக்குடி விரைவு வண்டி கவிழ்ந்தது. ஏற்கப்பட்டது அதற்குப் பிந்திய ராஜினாமா. இரண்டையும் தனித்தனியே எழுத வேண்டும்.

செப்டம்பர் 29
போர் வரைபடம். செனாப் ஆற்றைப் போடாமல் விட்டால் ஒன்றும் விளங்காது. 1965 செப்டம்பர் 1-இல் பாகிஸ்தான் டாங்கிகள் ஜம்முவின் சம்ப் பகுதியில் புகுந்தன. குறி செனாப் மீதுள்ள அக்னூர் பாலம். அது போனால் ரஜௌரி, பூஞ்ச் பக்கம் இருந்த நம் படைக்கு வழி அடைபடும். அங்கேயே முட்டிக்கொண்டிருக்காமல், செப்டம்பர் 6-இல் நம் படையினர் சர்வதேச எல்லையைத் தாண்டி லாகூர் முனையைத் திறந்தார்கள். பாகிஸ்தான் படையைப் பிரித்தாக வேண்டியதாயிற்று, அக்னூர் தப்பியது. அந்த உத்தரவின் முழுப் பளுவும் பிரதமர் சாஸ்திரி தலையில். போர்நிறுத்தம் செப்டம்பர் 23. அம்புக்குறிகளுக்குத் தேதி கட்டாயம்.

செப்டம்பர் 30
சாப்பாடு. 1965-இல் பருவமழை பொய்த்தது. அமெரிக்கக் கோதுமையோ கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. மக்களைத் திங்கள் இரவுச் சாப்பாட்டைத் துறக்கச் சொல்லுமுன் சாஸ்திரி தம் வீட்டில் செய்து பார்த்தார். நாளுக்கு இருவேளை என்றால் வாரத்துக்கு 14 வேளை. மிச்சம் 14-இல் ஒரு பங்கு. பற்றாக்குறை அதனால் தீராது என்று அவருக்கும் தெரியும். அதனால்தான் வீரிய விதைக்கு உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியத்தின் பின்னால் நின்றார். இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14-இல் தொடங்கியது. முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில்.

அதே ஜனவரியில் தமிழ்நாட்டில் இந்தி எதிர்ப்பு. மத்திய அமைச்சர்கள் சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் ராஜினாமா கொடுத்தார்கள்; பிப்ரவரி 11-இல் வானொலியில் சாஸ்திரி ஆங்கிலம் தொடரும் என்று உறுதி சொன்னார். இதை ஒளிக்கக் கூடாது.

அக்டோபர் 1
கடைசிப் பலகை வாசலை ஒட்டி. இங்கிருந்து கொண்டு விற்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்யப் போன குடும்பங்கள் 1964-இல் பர்மாவில் கடைகள் அரசுடைமையானதும் கையை வீசிக்கொண்டு திரும்பின. அந்த அக்டோபர் 30-இல் இலங்கைப் பிரதமரோடு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம்: இலங்கையில் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாதிருந்த இந்திய வம்சாவளியினரில், பெரும்பாலும் தோட்டத் தொழிலாளர், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பிறகு. சாஸ்திரியின் முடிவுகளில் நெருடுவது இது ஒன்றுதான்; தோட்டத்துச் சனத்தைக் கலக்காமலே கணக்குப் பிரித்தார்கள். அவர்கள் திரும்பி வந்த தலைமன்னார்–ராமேசுவரம் கப்பல் வழியையும், வந்து தங்கிய மண்டபம் முகாமையும் வரைபடத்தில் காட்ட வேண்டும்.