விளக்கம் என்ற அந்தக் கட்டம்

எங்கள் லேபில் நோட்டுகளில் கிடந்த ப்ரோட்டோகால்களை (சோதனைகளின் செய்முறைக் குறிப்புகளை) மென்பொருளில் ஏற்றும் வேலை என் தலையில் விழுந்தது. ஒவ்வொன்றின் மேலேயும் ‘விளக்கம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் தலைப்பையே கொஞ்சம் நீட்டி எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்க்கொண்டிருந்தேன். தலைப்பு ‘பிளாஸ்மிட் மினிப்ரெப்’ (பிளாஸ்மிட் என்பது பாக்டீரியாவுக்குள் இருக்கும் சிறிய வட்ட டி.என்.ஏ.). விளக்கம் ‘பாக்டீரியாவிலிருந்து பிளாஸ்மிட் பிரித்தெடுக்கும் முறை’. தெரிந்தவருக்கு அது தேவையில்லை, தெரியாதவருக்கு அது போதாது.

புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருவர் அதைப் பார்த்து 50 மி.லி. கல்ச்சரை (பாக்டீரியா வளர்ந்த திரவத்தை) எடுத்துச் செய்தார். 250 மைக்ரோலிட்டர் பஃபர் கரைசலில் அவ்வளவு செல்களும் கரையுமா? கூழாகிப்போய், டி.என்.ஏ.வைப் பிடித்துக்கொள்ளும் சிலிக்கா சவ்வு அடைத்துக்கொண்டது. “எவ்வளவு கல்ச்சருக்குன்னு எங்கேயும் போடலையே அக்கா” என்றார். திறந்து பார்த்தேன். உண்மைதான், போடவில்லை. மினிப்ரெப் என்றால் சில மி.லி.தான் என்பது எனக்குப் பழகிப்போன விஷயம். அதனாலேயே எழுதத் தோன்றவில்லை.

அந்த வேகத்தில் விளக்கத்தை ஒரு பக்கத்துக்கு எழுதினேன். முறையின் வரலாறு, தத்துவம், எல்லாம். ஒருவரும் படிக்கவில்லை. தேடும்போது பட்டியலில் முதல் இரண்டு வரிதான் தெரியும் என்பதை அப்புறம்தான் கவனித்தேன். சரி என்று மறுபடி உட்கார்ந்தேன். இப்போது அது இப்படித் தொடங்குகிறது: ‘ஈ.கோலையின் 1 முதல் 5 மி.லி. கல்ச்சரிலிருந்து பிளாஸ்மிட் எடுக்க. அதற்கு மேல் இருந்தால் மிடிப்ரெப்பைப் பார்க்கவும்.’ அடுத்த வரியில், தொடங்குமுன் செய்ய வேண்டியது: கழுவும் பஃபர் பாட்டிலில் எத்தனால் சேர்த்தாயிற்றா, மூடியில் டிக் இருக்கிறதா. எத்தனால் இல்லாமல் கழுவினால் சவ்வில் ஒட்டிய டி.என்.ஏ.வும் சேர்ந்து போய்விடும். அது தெரியாமல் நானே ஒரு நாளை வீணாக்கியிருக்கிறேன்.

விளக்கம் சரியானதும் படிகள் உறுத்த ஆரம்பித்தன. ‘3,000 ஆர்பிஎம்மில் சுழற்றவும்’ என்று ஒன்று. ஆர்பிஎம் என்பது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதுதான். குழாயின் மேல் விழும் விசையை ஜி-யில், அதாவது புவியீர்ப்பின் மடங்கில், சொல்வோம். அது குழாய்களைத் தாங்கிச் சுழலும் ரோட்டாரின் அளவைப் பொறுத்தது. ரோட்டாரின் ஆரம் 10 செ.மீ. என்றால் அது சுமார் 1,000 ஜி, 17 செ.மீ. என்றால் சுமார் 1,700 ஜி. எங்களிடம் இருப்பதோ அளவு வேறான இரண்டு சென்ட்ரிஃபியூஜ். எந்த மெஷினை மனதில் வைத்து எழுதினார்கள் என்று நோட்டில் இல்லை. பழைய ஆள் ஒருவரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு எல்லாவற்றையும் ஜி-க்கு மாற்றினேன். ‘ஓவர்நைட்’ என்ற சொல்லையும் தூக்கினேன். ஒருவருக்கு அது 12 மணி நேரம், இன்னொருவருக்கு 18. ‘மெதுவாகக் கலக்கவும்’ என்பது ‘குழாயை 4 முதல் 6 முறை கவிழ்த்து நிமிர்த்தவும், வோர்டெக்ஸ் (மெஷினில் வைத்து வேகமாகக் குலுக்குவது) கூடாது, குரோமோசோம் டி.என்.ஏ. உடைந்து கலந்துவிடும்’ என்று ஆனது. காரணத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் அவசரத்தில் யாரும் குறுக்கு வழி தேடுவதில்லை.

கடைசியில் அந்த மாணவியையே செய்யச் சொல்லி, வாயைத் திறக்காமல் பக்கத்தில் நின்றேன். அது பெரிய தண்டனை. அவர் தயங்கிய இடங்களைக் குறித்துக்கொண்டேன்: மூன்று. அதில் ஒன்று, ‘மேலே உள்ள திரவத்தை எடுக்கவும்’ என்ற வரி. எடுத்து வைத்துக்கொள்வதா, எடுத்துக் கொட்டுவதா? பிளாஸ்மிட்டே அதில்தான் இருக்கிறது!

இன்னும் ஒரு ப்ரோட்டோகால் பாக்கி. ‘சிவப்பு மூடி பஃபரைச் சேர்க்கவும்’ என்கிறது. எழுதியவர் லேபை விட்டுப் போய்விட்டார், சிவப்பு மூடி பாட்டிலும் இல்லை. அதன் விளக்கத்தில் முதல் வரியாக ‘பஃபர் எதுவென்று தெரியவில்லை, பயன்படுத்த வேண்டாம்’ என்று மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.