பெயர் உள்ள கல், பூசை உள்ள கல்

தருமபுரிக்குப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் அடுத்து ஒகேனக்கல்லைத்தான் கேட்பார்கள். நானும் அதற்காகத்தான் கிளம்பினேன். கர்நாடக அணைகளிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டதால் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை போட்டிருந்தார்கள். எண்ணெய்த் தேய்ப்பும் வறுத்த மீனும் இல்லாமல் அங்கே போய்ப் போலீஸ் தடுப்பையா பார்ப்பது என்று பாலக்கோட்டு நண்பர் சிரித்தார். "வாங்க, கல்லு பார்க்கலாம். தண்ணி எங்கயும் போயிடாது" என்றார். தண்ணீர் போய்க்கொண்டேதான் இருந்தது, எங்கள் தஞ்சாவூருக்கு. அதைச் சொல்லி அவரோடு சண்டை போடவில்லை.

தருமபுரி ஊருக்குள், சண்டையில் செத்தவர்களுக்கு நட்ட நடுகற்களைத் திரட்டி வைத்திருக்கும் அகழ்வைப்பகம் இருக்கிறது. பெரிய கூட்டம் வருகிற இடமில்லை. நாங்கள் நின்ற நேரம் முழுக்க நாங்கள் இருவர்தான். வரிசையாக நிற்கும் பலகைக் கற்களில் முடியை அள்ளி முடிந்த ஆட்கள்; ஒரு கையில் வில், இன்னொரு கையில் வாள். உடம்பில் அம்பு தைத்திருக்கும், ஆனால் கால் மடங்கியிருக்காது. சில கற்களில் காலடியில் கெண்டியும் சிமிழும் இருக்கின்றன. போன உயிருக்குத் தாகம் எடுக்கும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

எங்கள் பக்கம் கல்வெட்டு என்றால் கோயில் சுவர். இத்தனை வேலி நிலம், இத்தனை கலம் நெல், விளக்கெரிக்க இத்தனை ஆடு என்று கொடுத்தவர் கணக்கு நீண்டுகொண்டே போகும். இங்கே கணக்கு இரண்டு மூன்று வரியில் முடிந்துவிடுகிறது. இன்ன மன்னனுக்கு இத்தனையாவது ஆண்டில், இன்னார் தொறு கொண்ட ஞான்று, இன்னாருடைய சேவகன் இன்னான், தொறு மீட்டுப் பட்டான், கல். தொறு என்றால் மாட்டு மந்தை. பட்டான் என்றால் செத்தான். பல்லவ மன்னர்கள் சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் காலத்துக் கற்கள் வட்டெழுத்தில் இப்படித்தான் பேசுகின்றன. பாறையைக் குடைந்து கோயில் எடுத்த மகேந்திரவர்மனுக்கு இந்த ஊர்களின் பெயர் தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம். ஆனால் அவனுடைய ஆட்சியாண்டுதான் இங்கே ஒரு மாட்டுச் சண்டைக்குத் தேதி.

இங்கிருந்து கிழக்கே செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு கல் இருக்கிறது. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டுக் கல். கருந்தேவக்கத்தி என்பவன் எருமைகளைக் காக்கப் போய்ப் பட்டான். அவனோடு அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்னும் நாய் இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுதியிருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக ஒரு நாயின் பெயர் நிலைத்திருக்கிறது. என் கொள்ளுப்பாட்டன் பெயர் எனக்குத் தெரியாது.

பெயர் நிலைக்க வேண்டும் என்ற ஆசையில்தான் இவர்கள் செத்தார்களா? இலக்கியம் அப்படித்தான் சொல்கிறது. 'பெயரும் பீடும் எழுதி' மயிற்பீலி சூட்டிய நடுகற்கள் வழியெல்லாம் நிற்பதாக அகநானூறு பாடுகிறது. கல்லைத் தேர்வதிலிருந்து வாழ்த்துவது வரை ஆறு படிகளாகத் தொல்காப்பியம் முறை வகுத்திருக்கிறது. இவ்வளவு ஏற்பாடு இருக்கும்போது ஆசை வராமலா இருக்கும். ஆனாலும் எனக்கு முழுதாக ஒப்பவில்லை. கல்லில் நிற்பவர்களில் பலர் சேவகர்கள், இளமகன்கள், யாரோ ஒருவரின் ஆட்கள். மாடு தலைவனுடையது. போகாமல் வீட்டில் இருந்துவிட முடிந்திருக்குமா என்று எந்தக் கல்லும் சொல்வதில்லை.

அங்கிருந்து சேலம் சாலையில் அதியமான்கோட்டை. போன நாள் தேய்பிறை அஷ்டமியாக அமைந்துவிட்டதால் காலபைரவர் கோயிலில் கால் வைக்க இடமில்லை. சாம்பல் பூசணியை இரண்டாகப் பிளந்து எண்ணெய் ஊற்றி விளக்கேற்றிக்கொண்டிருந்தார்கள். கர்நாடக எண் வண்டிகள் சாலை ஓரம் முழுக்க நின்றன. அதியமானுக்கு இங்கே ஒரு கோட்டம் கட்டியிருக்கிறார்கள், ஔவையோடு சேர்த்து. பூசணி விளக்குக்கு வந்தவர்களில் அந்தப் பக்கம் திரும்பியவர் யாரும் என் கண்ணில் படவில்லை.

நெல்லிக்கனிக் கதை எல்லோருக்கும் தெரிந்தது. எனக்கு அதைவிடப் புறநானூற்றின் 232ஆம் பாட்டுதான் பெரிது. அதியமான் இறந்து, அவனுக்கும் கல் நட்டுவிட்டார்கள். பீலி சூட்டிச் சின்னக் கலத்தில் கள் வார்க்கிறார்கள். ஔவை கேட்கிறாள்: சிகரம் உயர்ந்த மலை நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன், இந்தச் சிறு கலத்துக் கள்ளைக் கொள்வானா? 'நாடுடன் கொடுப்பவும் கொள்ளாதோனே' என்று பாட்டு முடிகிறது. முந்நூறு ஏக்கரோ மூன்று ஊரோ கிடைத்தால் தலைவர்கள் என்னவெல்லாம் செய்வார்கள் என்று பார்த்துப் பழகிய நமக்கு இந்த வரி கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

அந்தக் கல்லை நான் பாட்டில்தான் பார்த்திருக்கிறேன். அதியமான் பெயரைத் தாங்கிய தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு 1981இல் கிடைத்தது; அதுவும் இங்கே கிடைக்கவில்லை, திருக்கோவிலூருக்குப் பக்கத்தில் ஜம்பையில். 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி'. சத்தியபுத்திரனான அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த உறைவிடம் என்று பொருள். அசோகன் தன் பாறைக் கட்டளையில் சோழர், பாண்டியரோடு சேர்த்துச் சொன்ன சத்தியபுத்திரர் யார் என்று நெடுங்காலம் நடந்த வாதம் இந்த ஒற்றை வரியில் தீர்ந்தது. தகடூரை, அதாவது இந்தத் தருமபுரியைச் சாய்த்த சேரனோ 'தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை' என்றே இன்றுவரை அறியப்படுகிறான். வென்றவன் தன் பெயரைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் இந்த ஊரைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த வகையில் அதியமான் தோற்கவில்லை என்று நண்பர் தீர்ப்பளித்தார். அவர் தருமபுரிக்காரர், வேறு என்ன சொல்வார்.

அரூர் பக்கம் போகும்போது சாலையை விட்டு இறங்கி, புளிய மரங்களுக்கு நடுவே ஒரு வேடியப்பன் கோயிலுக்குக் கூட்டிப் போனார். அவருடைய குலசாமி. சின்னத் தகரக் கொட்டகை, வெளியே மண் குதிரைகள் சில உடைந்தும் சில புது வண்ணத்திலும். உள்ளே இருந்தது ஒரு பலகைக் கல். மஞ்சளும் சந்தனமும் எண்ணெயும் அடுக்கடுக்காகப் படிந்து, வெள்ளிக் கண் ஒட்டி, வேட்டி கட்டியிருந்தது. வேட்டிக்கு மேலே வில்லின் வளைவு லேசாகத் தெரிந்தது.

அதே கல்தான். காலையில் அகழ்வைப்பகத்தில் பார்த்த அதே ஆள், அதே நிற்பு. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் எத்தனையோ நடுகற்கள் இப்படி வேடியப்பனாக இருக்கின்றன. பூசாரித் தாத்தாவிடம் கல்லில் எழுத்து இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்குதுன்னு எங்க அப்பா சொல்லுவாரு தம்பி. நான் பார்த்ததில்ல."

"ஒருதடவை கழுவிப் பார்க்கலாமே தாத்தா?"

"சாமியக் கழுவி என்னாத்த பார்க்கறது? அவரு வேடியப்பரு. அதுக்கு மேல என்னா எழுதிக்கிடக்கும்?"

சொல்லிவிட்டு என் நெற்றியில் திருநீறை அழுத்திப் பூசினார். அந்த அழுத்தத்தில் கொஞ்சம் கோபம் இருந்தது.

வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அகழ்வைப்பகத்துக் கல்லுக்குப் பெயர் இருக்கிறது, ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. புளியந்தோப்புக் கல்லுக்குக் கிடா வெட்டு உண்டு, மொட்டை உண்டு, காதுகுத்து உண்டு, பெயர் போய்விட்டது. பெயருக்காகச் செத்தவனை ஊர் மறக்காமல் வைத்திருக்கிறது, அவன் பெயரைத் தின்றுவிட்டு. இதில் எதை அவன் கேட்டிருப்பான் என்று தெரியவில்லை. இதுவும் இன்று நேற்று நடப்பதில்லை. அகநானூற்றின் 343ஆம் பாட்டில் உப்பு வணிகரின் வண்டிச் சக்கரம் மோதித் தலை சிதைந்த ஒரு நடுகல் வருகிறது. கண்ணி வாடிப்போய், குளிப்பாட்ட ஆளில்லாமல், கோடு தேய்ந்த எழுத்து வழிப்போக்கருக்கு வேறு ஏதோ பொருளைத் தருகிறது. சங்க காலத்திலேயே தப்பாகப் படித்திருக்கிறார்கள். பார்த்துக்கொள்ள ஆளில்லாத கல்லுக்கு அந்தக் கதி. பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் சந்தனத்தில் மறைகிறது.

இங்கே செத்தால்தான் பெயரை எழுதுவார்கள் என்ற நிலை மாறியது 1792க்குப் பிறகு. திப்புவோடு ஏற்பட்ட உடன்படிக்கையில் பாரா மகால் என்ற இந்தப் பகுதி கிழக்கிந்தியக் கும்பெனி கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் இந்தப் பக்கத்தில் நிலத்தை அளந்து, உழுகிறவனோடு நேராக வரி பேசினார்கள். பிறகு சென்னை மாகாணம் முழுக்கப் பரவிய ரயத்துவாரி முறை முளைத்தது இந்தப் புழுதியில். உயிரோடு இருக்கும் சம்சாரியின் பெயரைச் சர்க்கார் தாளில் எழுதினார்கள், வரி வாங்குவதற்காக. பூசாரித் தாத்தா கல்லின் எழுத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. கோயில் நிலத்துப் பட்டாவில் யார் பெயர் இருக்கிறது என்பதைப் பற்றி மட்டும் கால் மணி நேரம் பேசினார்.

மறுநாள் பாலக்கோட்டிலிருந்து ஓசூர் புறப்பட்டோம். நண்பரின் அக்கா மகன் காரில் ஏறிக்கொண்டான். கிடா வெட்டுக்கு வந்துவிட்டுப் பெங்களூருக்குத் திரும்புகிறான். பெயர் வேடியப்பன். இந்தப் பக்கத்தில் வகுப்புக்கு ஒருவராவது இருப்பார்கள்.

"ஆபீஸ்ல எப்படிக் கூப்பிடுவாங்க?" என்று கேட்டேன்.

"வேட்."

மாமன் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார்.

"சிரிக்காதீங்க மாமா. கொஞ்ச பேர் வேத்னு எழுதுறாங்க. வேதாந்த்னு முழுப் பேருன்னு நினைச்சுக்கிட்டாங்க. நான் திருத்தறதில்ல."

"ஏன்டா?"

"திருத்தினா அது என்ன பேருன்னு கேப்பாங்க. அப்புறம் எந்த ஊரு, என்ன சாமி, என்ன ஆளுங்கன்னு கேப்பாங்க."

அதற்கு மேல் மாமன் எதுவும் கேட்கவில்லை. கோயில் தகரக் கொட்டகையை எடுத்துவிட்டுத் தளம் போட அவன்தான் பணம் கொடுத்திருக்கிறான் என்பது பிறகு தெரிந்தது. இராயக்கோட்டையில் தக்காளிப் பெட்டி ஏற்றிய வண்டிகள் வழியை அடைத்து நின்றன. மேலே மலையில் 1791இல் ஆங்கிலேயர் பிடித்த கோட்டை. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை, நான் உட்பட. தக்காளி விலை என்ன என்பதுதான் காருக்குள்ளும் பேச்சு.

ஓசூர் பேருந்து நிலையத்தில் அவனை இறக்கிவிட்டுத் தொரப்பள்ளி போனோம். ராஜாஜி 1878 டிசம்பர் 10இல் பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. சின்ன வீடு. ஒரு கிராம முன்சீப்பின் மகன் இந்தத் திண்ணையிலிருந்து இறங்கி, 1948இல் நாட்டின் தலைமை ஆளுநர் ஆனது எளிய தூரமில்லை. இராமாயணத்தையும் பாரதத்தையும் பள்ளிப் பிள்ளைக்கும் புரியும் தமிழில் சொன்னவர். மதுவிலக்கை 1937இல் முதலில் கொண்டுவந்ததும் அன்றைய சேலம் மாவட்டத்தில்தான். தருமபுரியும் ஓசூரும் அப்போது அதற்குள் அடக்கம். நடுகல்லுக்குக் கள் வார்த்த நாடு என்பதால் அதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது.

நண்பருக்குச் சிரிப்பு வரவில்லை. படங்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர் முதலமைச்சர் காலத்துப் படம் ஒன்றின் முன்னால் நின்றுவிட்டார். 1953இல் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு மூன்று மணி நேரம் படிப்பு, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று வந்த திட்டம். பள்ளி போதாத காலத்தில் நேரத்தைப் பிரித்தால் அதிகம் பேர் படிக்கலாம் என்பது அவர் தரப்பு வாதம். குலக்கல்வி என்று பெயர் வைத்து எதிர்த்தார்கள். அடுத்த ஆண்டே அவர் பதவி விலக, காமராசர் வந்தார், திட்டம் போனது.

"எங்க தாத்தா குயவர். வேடியப்பனுக்குக் குதிரை செய்யறதுல இந்தச் சுத்துவட்டாரத்துல அவரை மிஞ்ச ஆளில்ல. அப்பாவுக்கு அப்ப எட்டு வயசு. அந்தத் திட்டம் நிலைச்சிருந்தா அவரு மத்தியானம் சக்கரத்துக்கிட்ட உக்காந்திருப்பாரு. நின்னு போனதால வாத்தியார் ஆனாரு" என்றார்.

"அப்ப இப்ப குதிரை?"

"எங்க வீட்ல யாருக்கும் மண்ணு பிசையத் தெரியாது. வெளியலதான் சொல்லணும்."

அதில் அவருக்குப் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்குத்தான் இருந்தது. அடுத்தவன் வீட்டுத் தொழில் அழியக் கூடாது என்று வருத்தப்படுவது சுலபம் என்று அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

வெளியே வந்ததும் ஞாபகம் வந்தவராகப் போனை எடுத்து, ஆடிக்கு வேண்டிய குதிரைக்குச் சொன்னார். நாலரை அடி, வெள்ளை வண்ணம், கழுத்தில் சலங்கை. விலையில் ஐந்நூறு குறைத்தார். உபயம் யார் பெயரில் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். கொஞ்சம் யோசித்துவிட்டு, தன் தாத்தா பெயர், அப்பா பெயர், வாத்தியார் என்ற பட்டம், தன் பெயர், மகள் பெயர், அவள் படிக்கிற படிப்பு என்று சொல்லிக்கொண்டே போனார்.

ஸ்பீக்கரில் குயவர் குரல் கேட்டது. "அண்ணே, இத்தனை எழுத்துக்குக் குதிரை வயித்துல இடம் பத்தாதுங்க. ஏதாவது ரெண்டு பேரைச் சொல்லுங்க."

"அப்ப அஞ்சடியாச் செஞ்சிடு" என்றார் நண்பர்.