விரதம் என்றால் யாரும் கேட்க மாட்டார்கள்

எங்கள் வீட்டில் விரதம் இருக்கும் பெண்ணை யாரும் கேள்வி கேட்பதில்லை. எனக்கு அது வசதியாகப் போயிற்று. முதலில் வெள்ளிக்கிழமை மட்டும். அப்புறம் சஷ்டி, ஏகாதசி, பிரதோஷம். மூன்றுமே மாதத்துக்கு இரண்டு முறை வரும். காலண்டர் தாளைக் கிழிக்கும்போதே அடுத்தது என்றைக்கு என்று தேடுவேன். "இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ணா!" என்று அத்தைக்குப் பெருமை. நான் சாமியை நினைத்து இருக்கவில்லை. என் இடுப்பை நினைத்துத்தான் இருந்தேன்.

இரவு எல்லோரும் தூங்கியதும் அடுக்களைக்குப் போவேன். லைட் போட மாட்டேன். மிச்சச் சோறு, முறுக்கு டப்பா, பூஜைக்கு எடுத்துவைத்த வெல்லம் என்று எது கிடைத்தாலும் சரி. வயிறு வலித்தாலும் கை நிற்காது. ருசித்துச் சாப்பிட்டதாக நினைவே இல்லை. பிறகு பாத்ரூமில் வாந்தி. காலையில் அந்த அவமானத்துக்காக இன்னொரு பட்டினி. இப்படியே நாலு வருடம்.

கண்டுபிடித்தவர் பல் டாக்டர். பல் கூசுகிறது என்றுதான் போயிருந்தேன். மேல் முன்பற்களின் உள்பக்கம் எனாமல் கரைந்திருந்தது. உதவியாளரை வெளியே அனுப்பிவிட்டு, "அடிக்கடி வாந்தி எடுப்பீங்களாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். அந்த நாற்காலியிலேயே அழுதுவிட்டேன்.

இதன் பெயர் புலிமியா. இந்த மாதிரி நோய் எலும்பும் தோலுமாக இருப்பவர்களுக்குத்தான் வரும் என்று நினைத்திருந்தேன். என்னைப் பார்த்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. மனநல மருத்துவர் முதலில் ரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் எடுக்கச் சொன்னார். வாந்தியால் பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறலாமாம்.

பிறகு அவர் சொன்னது எனக்குத் தலைகீழாகப் பட்டது. மூன்று வேளை சாப்பாடு, நடுவில் ஏதாவது சிறு தீனி, நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிற்றைக் காயப்போடக் கூடாது. ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்த வழி கேட்டால் பகலில் சாப்பிடச் சொல்கிறாரே! என்றைக்கு என்ன சாப்பிட்டேன் என்று நான் எழுதிவந்த நோட்டையே திருப்பிக் காட்டினார். அடுக்களையில் விழுந்த ராத்திரிகள் எல்லாம் விரத நாட்களாகவே இருந்தன.

நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416க்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸுக்கு, போன் செய்யுங்கள். இலவசம், எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். எனக்கு அப்போது இது தெரியாது.

அம்மாவிடம் சொல்ல மூன்று மாதம் ஆயிற்று. கந்த சஷ்டிக்கு இந்த முறை விரதம் இருக்க மாட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "உனக்கும் சேர்த்து நான் இருந்துக்கறேன்" என்றார். சூரசம்ஹாரத்தன்று சாயங்காலம் நாலு மணிக்கு, ஆறு நாள் விரதத்தில் வாடிய முகத்தோடு, என் கையில் சுண்டல் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.