அது லைக்கன் இல்லையாம்

அம்மாவுக்கு 6 வருஷமாக வாயில் லைக்கன் பிளேனஸ் என்ற நாள்பட்ட அழற்சி நோய். கன்னத்தின் உட்புறம் வலை பின்னியது போல வெள்ளைக் கோடுகள், எரிச்சல் கூடும் நாட்களில் ரசம் சாதம்கூட இறங்காது. ஸ்டீராய்டு களிம்பு தடவினால் அடங்கிவிடும், அதனால் போன மாதம் மறுபடி எரிந்தபோது இன்னும் கொஞ்சம் தாராளமாகத் தடவச் சொன்னேன், எல்லாம் என் புத்திசாலித்தனம்தான்! எரிச்சல் ஏறியது, நாக்கில் திரிந்த பால் மாதிரி ஒரு படலம்.

பல் டாக்டர் பஞ்சால் துடைத்தார். வழித்துக்கொண்டு வந்தது, அடியில் ரத்தச் சிவப்பு. லைக்கன் கோடு துடைத்தால் போகாது, இது போகிறது, அப்போ கேண்டிடா என்றார். பலர் வாயிலும் சும்மா கிடக்கும் ஈஸ்ட் வகைப் பூஞ்சைதான் அது. ஸ்டீராய்டு அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்து அடக்கிவிடுவதால் அதற்குக் கொண்டாட்டம். போதாக்குறைக்கு அம்மாவுக்குச் சர்க்கரை வேறு, பல் செட்டை ராத்திரியும் கழற்றுவதில்லை (எத்தனை தடவை சொல்லியிருப்பேன்).

குளோட்ரிமசோல் என்ற பூஞ்சை மருந்தை 2 வாரம் தடவினோம், செட்டும் இப்போது ராத்திரி தண்ணீர்க் கிண்ணத்தில்தான். படலம் போய்விட்டது. வெள்ளைக் கோடுகள் அப்படியே இருக்கின்றன. களிம்பையும் விடவில்லை, டாக்டர் சொன்ன அளவு மட்டும்.