எக்ஸ்ஜே13: ஜாகுவார் ஒன்றே ஒன்று செய்த கார்

பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துக்காக பிரிட்டிஷ் கார் நிறுவனம் ஜாகுவார் 1966-ல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் செய்து முடித்த கார் எக்ஸ்ஜே13. ஒரு பந்தயத்தில்கூட ஓடவில்லை. அது இன்னமும் மனதை அறுக்கிறது.

உடல் வடிவம் ஜாகுவாரின் வடிவமைப்பாளர் மால்கம் சேயருடையது. ஜாகுவாரின் புகழ்பெற்ற டி-டைப், ஈ-டைப் கார்கள் எல்லாம் அவர் கைவண்ணம்தான். ஆனால் இதன் உயிர் இன்ஜினில் இருக்கிறது. வி12 (V வடிவில் 12 சிலிண்டர்), போர் (சிலிண்டரின் விட்டம்) 87 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 70 மி.மீ., மொத்தம் 4,994 சிசி. நான்கு கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), லூகாஸ் நிறுவனத்தின் மெக்கானிக்கல் எரிபொருள் இன்ஜெக்‌ஷன், 7,600 ஆர்பிஎம்மில் 502 குதிரைத்திறன். ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் இந்த இன்ஜின் வெறும் சுமை அல்ல, சட்டகத்தின் ஓர் உறுப்பு. பின் சஸ்பென்ஷனின் பாரத்தை அதுவும் இசட்எஃப் 5-ஸ்பீடு கியர்பாக்ஸும் சேர்ந்து தாங்குகின்றன. அதனால் எடை மிச்சம்.

ஏன் கைவிட்டார்கள்? காலதாமதம்தான். கார் தயாரான அதே ஆண்டு ஃபோர்டு 7 லிட்டர் ஜிடி40-யுடன் வந்து லெ மானை வென்றது. 1968 முதல் புரோட்டோடைப்களுக்கு (பந்தயத்துக்கென்றே செய்யும் கார்களுக்கு) இன்ஜின் அளவில் 3 லிட்டர் வரம்பு. கதை முடிந்தது.

1971 ஜனவரியில் இங்கிலாந்தின் மிரா சோதனைத் தடத்தில் விளம்பரப் படத்துக்காக ஜாகுவாரின் சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ் ஓட்டியபோது, மெக்னீசியத்தால் ஆன பின் சக்கரம் உடைந்து கார் உருண்டது. அவர் காயமின்றித் தப்பினார். மெக்னீசியம் சக்கரம் லேசானது, ஆனால் வயதானால் அரித்து, கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விடும். பழைய பந்தயக் கார் வைத்திருப்பவர்கள் விரிசல் சோதனை செய்யாமல் வேகமெடுக்கவே கூடாது.

பிறகு காரைச் சீரமைத்தார்கள். இப்போது இங்கிலாந்தின் கேய்டனில் உள்ள கார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வி12 மட்டும் சாலைக்கு வந்தது: போர் 90 மி.மீ., 5,343 சிசி, பக்கத்துக்கு ஒரே கேம்ஷாஃப்ட், 1971 ஈ-டைப் சீரிஸ் 3-ல்.